காமன் எரிந்த இரு நாடுகள்

இறைவனது நெற்றிக்கண்ணால் மன்மதன் வெந்து சாம்பரான வரலாற்றைக் கந்தபுராணத்துக் காமதகனப் படலத்தில் நம் மாணவர் கற்பர். அதே கதை யாவாத் தீவிலும் காவியமாயிற்று என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். மணிமேகலை கூறும் சாவக நாட்டை அறிஞர் அத்தீவோடு இயைத்து நோக்குவர். அங்கே 12ஆம் நூற்றாண்டில் கெடிரி அரசவைப் புலவரான தர்மஜர் என்பார், 'ஸ்மரதகனம்' என்னும் காவியத்தைப் பழைய யாவா மொழியில் யாத்தார். நம் புராணத்திற் காமன் எரிந்தபின் தோன்றுபவன் முருகன். யாவாக் காவியத்திலோ, சிவனுக்கும் உமைக்கும் மகவாய்த் தோன்றி நீலருத்திரகன் என்னும் அசுரனை அழிப்பவர் விநாயகர். கடல் கடந்த கதை தன் புதல்வனையே மாற்றிக்கொண்டது! மரபு என்றால் மாறாதது என வாதிடுவோர் இதனைச் சிறிது சிந்தித்தல் வேண்டும்.

லக்கல மலைகளுக்கு மேற்கே, மாத்தளையை நோக்கிச் சரியும் தேயிலைத் தோட்டங்களில் இக்கதை ஏட்டில் வாழ்வதன்று, மண்ணில் ஆடப்படுவது. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காக மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காடு வழியே நடந்து வந்த தமிழகத்து உழைப்பாளர், தம் மூட்டையோடு சுமந்து வந்த செல்வம் காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று காமன் பொட்டலிற் கம்பம் நடப்படும். கரும்பும் ஆமணக்கும் வைக்கோற் புரியும் சேர்த்துக் கட்டிய அக்கம்பமே மன்மதன். பௌர்ணமிவரை இரதியும் மன்மதனும் லயந்தோறும் ஆடிச் செல்வர். இரதியாக ஆடுபவரும் ஆடவரே. காப்புக்கட்டி நோன்பிருந்தே ஆடுவர். தூதன், தக்கன், நந்தி, வீரபத்திரர், காளி எனப் பாத்திரங்கள் வந்து போக, பௌர்ணமி இரவிற் கம்பம் தீயிடப்படும். மூன்றாம் நாள் மன்மதனை உயிர் எழுப்புவர். விடியும்வரை விழித்திருந்தவர்களே காலையிற் கொழுந்துக் கூடையோடு மலையேறுவர் என்பதையும் இங்குக் குறித்தல் தகும்.

இக்கூத்தின் இடையே கோமாளி வந்து திரைப்பட மெட்டொன்றைப் பாடிவிட்டால், 'கலை கெட்டது' என நம்மிற் சிலர் முகஞ்சுளிப்பர். யாவாவின் நிழற்பாவைக் கூத்தாகிய 'வயாங்' பற்றியும் இதே குறை கூறப்பட்டதுண்டு. 'டாலாங்' எனப்படும் கூத்தாசிரியர் ஒருவரே திரைக்குப் பின்னிருந்து, இரவு முழுவதும் அத்தனை பாவைகளையும் ஆட்டி அத்தனை குரல்களிலும் பேசுவார். நள்ளிரவுக்குப் பின் செமார் என்னும் விதூஷகனும் அவன் மக்களும் தோன்றும் பகுதியில் ஊர்ச் செய்தியும் நகைச்சுவையும் புதுப்பாட்டும் தாராளமாக இடம்பெறும். புதுப் பாடல்களைச் சேர்த்தமைக்காக நார்த்தோசப்தோ (1925-1985) கண்டிக்கப்பட்டார். பின்வந்த மந்தெப் சுதர்சோனோ (1948-2021) மேனாட்டு முரசுகளைப் புகுத்தியதோடு, தலைவலி மருந்து விளம்பரத்திலும் தோன்றினார். ஆயினும் கமெலான் இசைக்குழு விலக்கப்படவில்லை, மகாபாரதமும் விலக்கப்படவில்லை. 2003இல் யுனெஸ்கோ நிறுவனம் வயாங்கை மானிடத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

ஆகவே எது புகுந்தது என்பதிலும், எது நீக்கப்பட்டது என்பதையே நாம் முதலில் வினவுதல் வேண்டும். இதனை யான் என் பிழையினாற் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைவிழாவுக்காகக் காமன் கூத்தை இருபது நிமிடத்துள் அடக்கினேன். தப்பை நீக்கி மிருதங்கம் வைத்தேன். தப்பு சாவு வீட்டுக் கருவியென்றும், அதனைத் தொட்டால் தம் பிள்ளைகள் இழிவாக எண்ணப்படுவர் என்றும் பெற்றோர் சிலர் கூறினர். இது சாதி பற்றிய அச்சமென அறிந்தும் யான் மறுத்துரைக்கவில்லை. பரிசு கிடைத்தது. ஆட்டம் பழக்கிய முதிய கூத்து வாத்தியார் மறுநாள் சொன்னார்: "நல்லாத்தான் இருந்திச்சு சேர். ஆனா காமனக் கூப்பிடவே இல்லியே." பாத்திரத்துக்குப் பாத்திரம் தப்பின் அடி வேறு, அவ்வடி கேட்டே ஆடுவோன் அப்பாத்திரமாகின்றான் என்பது அதன்பின்னரே எனக்கு விளங்கிற்று.

இந்தோனேசியாவின் இன்னொரு கலை இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. மலாய் இசையும் இந்தித் திரையிசையும் கலந்து பிறந்த 'டங்டுட்' என்னும் மெல்லிசை, மத்தள ஒலியையே தன் பெயராகக் கொண்டது. பட்டிக்காட்டார் பாட்டு எனக் கற்றோர் அதனை எள்ளினர். 1970களில் ரோமா இராமா என்னும் பாடகர் மின் கித்தார் சேர்த்து அதனை நாடெங்கும் பரப்பினார்; பிற்காலத்தில் அரசியற் கூட்டங்களிலும் தொலைக்காட்சியிலும் அதுவே முழங்கிற்று. பெயரிலேயே ஒலிக்கும் அந்த அடியை அவர்கள் நாணி மறைக்கவில்லை.

சென்ற மாசியில் எம் மாணவர் மீண்டும் ஆடினர், இம்முறை தப்போடு. பெற்றோர் இருவர் தம் மக்களைப் பயிற்சிக்கு அனுப்ப மறுத்தனர். ஏனையோர் அனுப்பினர். அடிகளைக் கற்க மாணவர்க்கு ஏழு வாரம் சென்றது. வாத்தியாருக்கு அடுத்தபடியாக அவற்றை முழுதும் அறிந்தவர் அத்தோட்டத்தில் ஒருவரே உளர். அவரும் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கின்றார், மாசிக்கு விடுமுறை கிடைத்தால் வருவார்.