எடைக்குப் போடாதீர்கள் தமிழ் டைப்ரைட்டரை!

என்.ஹெச்.எம். ரைட்டரில் தமிழ் டைப்ரைட்டர் கீபோர்டைத் தேர்வு செய்து டைப் செய்பவரா நீங்கள்? அந்த முறைக்கு அடித்தளம் இட்டவர்களில் முக்கியமானவர் ஆர். முத்தையா. 1886ல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, சிங்கப்பூரில் பணியாற்றியவர். அவரது எழுத்து அமைப்புடன் "பிஜோ" என்ற போர்ட்டபிள் டைப்ரைட்டர் ஜெர்மனியில் தயாராகி வந்தது. பின்னர் ரெமிங்டன், கோத்ரெஜ் தமிழ் மெஷின்கள் அலுவலகங்களையும் டைப்பிங் இன்ஸ்டிடியூட்களையும் நிறைத்தன.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒன்று கிடந்தால், பழைய இரும்புக் கடைக்கு அனுப்பும் முன் கீழே உள்ளவற்றைச் செய்து பாருங்கள்.

முதல் சோதனை

தமிழில் 247 எழுத்துகள். மெஷினில் இருப்பதோ நூறுக்கும் குறைவான வடிவங்கள். இதைச் சாத்தியமாக்கியது "நகரா விசை". புள்ளி, இகர, ஈகாரக் குறிகளுக்கான கீயை அழுத்தினால் குறி பதியும்; கேரேஜ் நகராது. அடுத்து "க" அடித்தால் அதே இடத்தில் விழுந்து "க்" ஆகிவிடும். "டி" எழுத்துக்குத் தனி கீ உண்டு.

எனவே க், கி, கீ மூன்றையும் அடித்துப் பாருங்கள். குறி தள்ளி விழுந்தால் நகரா விசை சரியில்லை. நீங்களே வளைக்க வேண்டாம். இன்ஸ்டிடியூட் மெஷின்களைப் பழுது பார்த்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

சுத்தம் செய்திட

* கீ ஒட்டிக் கொண்டால் எண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெயில் தூசி சேர்ந்து மேலும் இறுகும். திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாமல், சிறிது பெட்ரோல் தொட்ட பழைய டூத் பிரஷ்ஷால் எழுத்துக் கம்பிகளின் அடிப்பகுதியைத் தேயுங்கள். பெயிண்ட் மேல் படக் கூடாது.
* கேரேஜ் நகரவே இல்லையா? அதை ஸ்பிரிங்குடன் இணைக்கும் நாடா அறுந்திருக்கலாம். இது மாற்றக் கூடியதே.
* ரிப்பன் காய்ந்திருந்தால் அரை அங்குல ரிப்பன் வாங்கி, பழைய ஸ்பூலிலேயே சுற்றுங்கள். ஸ்பூலைத் தூக்கி எறிய வேண்டாம்.

எது கிடைக்காது?

நாடாவும் ரிப்பனும் கிடைக்கும். ஆனால் உடைந்த தமிழ் எழுத்து அச்சுக்கு இன்னொரு தமிழ் மெஷினைத்தான் பிரிக்க வேண்டும். அலங்காரப் பொருள் செய்ய கீகளை வெட்டிக் கேட்பவர்களிடம் கொடுத்துவிட்டால், பிறகு அந்த மெஷின் தமிழ் எழுதாது.

சரி செய்தவுடன் எல்லா எழுத்துகளையும் ஒரு தாளில் அடித்து ஸ்கேன் செய்து, வரிசை எண்ணுடன் சேமித்து வையுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் கீபோர்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒற்றுமை புரியும்.