கையெழுத்து வெள்ளிக்கிழமை, தாலி ஞாயிற்றுக்கிழமை

காலை நிகழ்ச்சி முடிந்து ஹெட்போனைக் கழற்றும் நேரத்தில் ஓர் அழைப்பு. பட்டர்வொர்த்திலிருந்து பேசினார். "அக்கா, இதை ஒலிபரப்ப வேணாம். உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்" என்றார்.

லாரி ஓட்டுநர். மனைவி தமிழ்நாட்டுப் பெண். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பினாங்கில் ஒரு கோயிலில் தாலி கட்டி, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு, ஊரறியக் கல்யாணம் செய்தவர். பதிவு மட்டும் செய்யவில்லை. "அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டோங்க்கா." மகனை ஒன்றாம் ஆண்டில் சேர்க்கப் போன இடத்தில்தான், பிறப்புச் சான்றிதழில் 'புக்கான் வார்கா நெகாரா' என்று இருந்த வரி அவருக்கு உறைத்திருக்கிறது. பிள்ளை பிறந்தது மலேசியாவில். அப்பா மலேசியர். ஆனால் பிள்ளை மலேசியக் குடிமகன் இல்லை.

எனக்கு அன்று வயிற்றைக் கலக்கியதற்கு இன்னொரு காரணம் உண்டு. என் தம்பியின் கல்யாணத்துக்கு அப்போது ஆறு வாரம்தான் பாக்கி. பெண்ணுக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர், வேலை சென்னையில். ஆவணியில் முகூர்த்தம். கோயில், மண்டபம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. பெண் வீட்டார் இருபத்திரண்டு பேர் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் வருவதாக ஏற்பாடு. பத்திரிகைகூட அச்சடித்துவிட்டோம். பதிவைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. எத்தனையோ கல்யாண மேடைகளில் மைக் பிடித்திருக்கிறேன். எனக்கே தோன்றவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம் இருக்கிறது. நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1-ஆம் தேதி. அதற்கு முன்னால் சமயப்படி, வழக்கப்படி முறையாக நடந்த கல்யாணங்களை இந்தச் சட்டம் பதிவானதாகவே எடுத்துக்கொள்கிறது. நம் தாத்தா பாட்டி கட்டிய தாலிக்குக் குறைவில்லை. அந்தத் தேதிக்குப் பிறகு சடங்கு மட்டும் போதாது. பதிவாளர் முன்னிலையில், அல்லது உதவித் திருமணப் பதிவாளராக நியமனம் பெற்றவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும். கோயில்களிலும் தேவாலயங்களிலும் அப்படி நியமனம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எல்லாக் கோயிலிலும் கிடையாது. கோயிலைப் பதிவு செய்யும்போதே "இங்கே உதவிப் பதிவாளர் உண்டா?" என்று கேட்டுவிடுவது நல்லது. மணமக்களில் ஒருவர் முஸ்லிம் என்றால் இந்தச் சட்டமே பொருந்தாது. அதற்கு மாநில இஸ்லாமிய சமய இலாகாவின் விதிகள் தனி.

பிள்ளை விஷயம் இதைவிடக் கடுமை. நம் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் ஒரு விதி இருக்கிறது. சட்டப்படி திருமணமாகாத பெற்றோரின் பிள்ளைக்குக் குடியுரிமை பார்க்கும்போது, 'தந்தை' என்று இருக்கும் இடத்தை 'தாய்' என்று படிக்க வேண்டும். தாய் இந்தியக் குடிமகள் என்றால் அப்பாவின் நீல மைகார்ட்டால் பயனில்லை. பிறகு பதிவு செய்தால் சரியாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், மலேசியத் தந்தை, பிலிப்பீன்ஸ் தாய், அங்கே பிறந்த குழந்தை. பெற்றோர் பின்னால் சட்டப்படி மணந்துகொண்டார்கள். அப்படியும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று தீர்ப்பானது, நான்குக்கு மூன்று என்ற கணக்கில்.

லாரி ஓட்டுநருக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: முதலில் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள், மகனுக்காக அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவின் கீழ் உள்துறை அமைச்சுக்கு மனு போடுங்கள், வழக்கறிஞருக்கு வசதியில்லை என்றால் சட்ட உதவி இலாகாவுக்குப் போங்கள். "எத்தனை நாளாகும்க்கா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சை எடுத்தேன். அம்மாவுக்குக் கோபம். "தாலியைக் கட்டட்டும். ரெஜிஸ்டர் எங்கே ஓடிப்போகுது?" தம்பியும் அதே பாட்டு. மண்டபத்துக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டார், சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள், ஊர் என்ன சொல்லும். லாரி ஓட்டுநரின் மகனைப் பற்றிச் சொன்ன பிறகுதான் அம்மா அமைதியானார். "பேரப்பிள்ளைக்கு இந்த நிலைமை வரணுமா?" என்று நான் கேட்டது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வேலை செய்தது.

மறுநாள் தேசியப் பதிவிலாகா முகப்பில் கேட்டபோதுதான் கணக்கு முழுதாகப் புரிந்தது. திருமண அறிவிப்பு கொடுப்பதற்கு முன், அந்தத் திருமண மாவட்டத்தில் 7 நாள் தங்கியிருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்த பிறகு, யாருக்காவது ஆட்சேபம் இருக்கிறதா என்று பார்க்க 21 நாள். ஆக மொத்தம் 28. இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் வந்து இங்கே தங்கக்கூடியது 30 நாள். மிஞ்சுவது இரண்டே நாள். அதில் ஒரு பொது விடுமுறை வந்தால் போச்சு. காத்திருக்காமல் முடிக்கச் சட்டத்தில் சிறப்பு அனுமதி ஒன்று இருக்கிறது. அதை நம்பிப் பத்திரிகை அடிக்க முடியாது. சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஒரு மாத விடுப்பு யார் கொடுப்பார்கள்? கொடுத்தாலும், கல்யாணமாகாத பெண்ணை மாப்பிள்ளை ஊரில் ஒரு மாதம் தங்க வைக்க அவள் அப்பா சம்மதிக்க வேண்டுமே.

வழியைக் கண்டுபிடித்தது பெரியப்பா. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், தாள் என்றால் கடைசி வரிவரை படிப்பவர். அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் திருமணம் நடந்தால் போதும் என்று எடுத்துச் சொன்னார். அப்படியானால் பெண் தொடர்ந்து இங்கேயே இருக்க வேண்டியதில்லை. ஒரு தடவை வந்து அறிவிப்பு கொடுத்துவிட்டுப் போகலாம், மறுபடி கல்யாணத்துக்கு வரலாம். 2024 டிசம்பரிலிருந்து சென்னைக்கும் பினாங்குக்கும் இண்டிகோ நேரடி விமானம் விட்ட பிறகு, கோலாலம்பூரில் இறங்கி மாறும் அலைச்சலும் இல்லை.

ஆவணி முகூர்த்தம் தைக்குத் தள்ளிப்போனது. மண்டப முன்பணம் போனது போனதுதான். புரட்டாசியில் பெண்ணும் அவள் சித்தியும் வந்து, ஆயர் ஈத்தாமில் என் அத்தை வீட்டில் பத்து நாள் தங்கினார்கள். நம் ஆட்கள் கல்யாணம் வைக்காத மாதம். தாள் வேலைக்கு இதைவிட நல்ல மாதம் இல்லை, மண்டபத்துக்கும் புகைப்படக்காரருக்கும் அலைய வேண்டியதில்லை. எங்களிடம் கேட்டவை: கடப்பிதழ், நுழைவு அனுமதி, தான் திருமணமாகாதவள் என்பதற்கு அவள் ஊரில் வாங்கிய சான்று, அதற்கு இந்தியத் தூதரகத்தின் உறுதிப்பாடு. இந்தக் கடைசி இரண்டுக்குத்தான் அலைச்சல் அதிகம். சான்றில் அவள் அப்பா பெயரின் எழுத்துக்கூட்டல் ஒரு மாதிரி, கடப்பிதழில் வேறு மாதிரி. அதைத் திருத்த மட்டும் மூன்று வாரம். நாட்டுக்கு நாடு பட்டியல் மாறும் என்பதால், டிக்கெட் வாங்குவதற்கு முன் பதிவிலாகாவில் நேரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தச் சட்டத்தைப் புரட்டியபோது ஒரு வரியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். யார் யாரை மணக்கக்கூடாது என்ற பட்டியலில் மாமனும் மருமகளும் வருகிறார்கள். கூடவே ஒரு விலக்கு: இந்து வழக்கப்படி அக்காள் மகளைக் கட்டும் தாய்மாமனுக்கு இந்தத் தடை இல்லை. நாடாளுமன்றத்தில் யாரோ நம் ஆட்களை நினைத்திருக்கிறார்கள்.

மணமக்கள் இருவருமே வெளிநாட்டினர் என்றால்? பத்து பெரிங்கி கடற்கரை ஹோட்டல்களில் இப்போது அப்படிப்பட்ட கல்யாணங்களுக்கு என்னை அழைக்கிறார்கள். நான் முதலில் கேட்பது இசைப் பட்டியலை அல்ல, "ஊரில் பதிவு ஆகிவிட்டதா?" என்பதைத்தான். இருவரும் இங்கே 28 நாள் கணக்குக்குள் மாட்டுவதைவிட, தமிழ்நாட்டிலேயே எளிமையாக மணந்து பதிவு செய்துவிட்டு, கொண்டாட்டத்தை இங்கே வைத்துக்கொள்வது மேல். அங்கே நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 90 நாள் தருகிறது. தாமதமானால் அபராதத்தோடு இன்னும் 60 நாள். நம் பிள்ளைகள் பாலியிலோ சென்னையிலோ கல்யாணம் செய்தாலும் கணக்கு உண்டு: 6 மாதத்துக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகத்திலோ, ஊர் திரும்பியிருந்தால் இங்குள்ள பதிவாளரிடமோ பதிய வேண்டும்.

தையில் அவர்கள் மறுபடி வந்தார்கள், இந்தத் தடவை இருபத்திரண்டு பேரும். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை, பதிவு அலுவலகம் பூட்டிக் கிடக்கும் நாள். அதனால் வெள்ளிக்கிழமை, தொழுகை இடைவேளைக்கு முன்னால் கையெழுத்து. சாட்சிகள் பெண்ணின் அப்பாவும் எங்கள் பெரியப்பாவும். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சான்றிதழை எழுத்தெழுத்தாகப் படித்து, "அப்பா பேர் சரியா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் எல்லோரும் எழுந்தோம்.

வெளியே வந்ததும் தம்பி, "சட்டப்படி இப்ப இவங்க என் மனைவி. சாப்பிடக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று அம்மாவிடம் கேட்டான். அம்மா சான்றிதழை வாங்கித் தன் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். பெண்ணை அத்தையின் காரில் ஏற்றிவிட்டு, தம்பியிடம் ஒரு பட்டியலை நீட்டினார். லிட்டில் இந்தியாவுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குச் சொல்லிவிட்டு வர வேண்டுமாம்.