கத்திரி வெயிலும் கனத்த உடம்பும்

சித்திரை பிறந்தால் என் மருத்துவமனைக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். சற்றே பூசினாற்போல, இல்லை நன்றாகவே பருமனாக இருக்கிற பெண்கள். உள்ளே வந்ததும் ஃபேனுக்கு நேராக இருக்கிற நாற்காலியைத்தான் தேடுவார்கள். உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயில் எல்லாருக்கும் பொதுதானே டாக்டர், எனக்கு மட்டும் ஏன் இப்படிக் கொளுத்துது?" என்பார்கள். சிரித்துக்கொண்டே கேட்டாலும் அதில் பாதி அழுகை.

நான் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை. ஏனென்றால் நானும் இப்போது 84 கிலோ.

முதலில் அந்தக் கேள்விக்குப் பதில். சொம்பில் ஊற்றிய வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடும். அண்டாவில் இருப்பது ஆறாது. உடம்பும் அப்படித்தான். எடை கூடும் அளவுக்கு, வெப்பத்தை வெளியே விடும் தோலின் பரப்பு கூடுவதில்லை. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு வேறு ஒரு கம்பளி மாதிரி உள்சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதிக எடையைச் சுமந்து நாலு படி ஏறினாலே உடம்பு கூடுதலாகச் சூட்டை உண்டாக்கும். இதை ஆற்ற இயற்கை கொடுத்த வழி வியர்வை. ஆனால் வியர்வை வந்தால் மட்டும் போதாது, அது காய வேண்டும். காயும்போதுதான் குளிர்ச்சி. மார்புக்கு அடியில், வயிற்று மடிப்பில், தொடை இடுக்கில் காற்றே படாத இடத்தில் வியர்வை எங்கே காயும்? அதனால்தான் வேலூர் வெயிலைத் தாங்குகிறவர்கள்கூட சென்னைப் புழுக்கத்தில் தவித்துப்போகிறார்கள். 45 வயதைத் தாண்டி மாதவிடாய் நிற்கும் கட்டத்தில் இருந்தால், திடீர் திடீரென்று முகம் கொதிக்கிற அந்தச் சூடும் சேர்ந்துகொள்ளும். ஆக, உங்கள் கஷ்டம் கற்பனை இல்லை. ஆனால் அதில் பாதியை உடம்பு தருவதில்லை. கூச்சம் தருகிறது.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமை தருவது அல்ல. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, தொழில் ஆரம்பித்த புதிது. என் எடை அப்போது 52 கிலோ. பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், நீர்க்கடுப்பு என்று வந்தார். பருமனானவர். நான் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "முதல்ல உடம்பைக் குறைங்கம்மா" என்றேன். தலையாட்டிவிட்டுக் குடிநீர்ப் பொடியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று வாரம் கழித்து அவர் கணவர் அழைத்து வந்தார். இரண்டு மார்புக்கும் கீழே தோல் வெந்து, புண்ணாகி, சீழ் வைத்திருந்தது. சர்க்கரை 340. முதல் தடவை வந்தபோதே அந்தப் புண் இருந்திருக்கிறது. ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "நீங்கதான் எடுத்தவுடனே உடம்பைச் சொன்னீங்களே, அதுக்கப்புறம் எப்படி டாக்டர் ரவிக்கையை அவுத்துக் காட்டறது?" என்றார். அதன்பிறகு எந்தப் பெண்ணிடமும் நான் அந்த வாக்கியத்தோடு பேச்சை ஆரம்பித்ததில்லை.

அந்த நீர்க்கடுப்புக்கும் காரணம் கூச்சம்தான். ஒல்லியான சக ஆசிரியைகள் முன்னால் தானே அதிகம் வியர்க்கிறோம் என்று தண்ணீரைக் குறைத்திருக்கிறார். பள்ளிக் கழிப்பறையில் குந்தி எழுவது சிரமம் என்று காலை 8 மணியிலிருந்து மாலை 5 வரை சொட்டு நீர் கிடையாது. இப்படிச் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் மலைப்பாக இருக்கும். தண்ணீரைக் குறைத்தால் வியர்வை குறையும், உடம்புச் சூடு ஏறும். சிறுநீர் கட்டியாகி எரியும், கல்லுக்கும் வழி வைக்கும். கணக்கு வேண்டுமென்றால் நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அவரவர் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரும் ஆகாது. அதில் பொட்டாசியம் அதிகம்.

மண்பானையில் ஒரு பிடி வெட்டிவேரைத் துணியில் முடிந்து போட்டு வையுங்கள். நன்னாரி வேரையும் அப்படியே தட்டிப் போடலாம். கடைகளில் கிடைக்கும் நன்னாரி சர்பத் பெரும்பாலும் சர்க்கரைப் பாகுதான், அதைக் குளிர்ச்சி என்று நாளுக்கு நாலு டம்ளர் குடித்தால் உடம்புக்கு நல்லதா சொல்லுங்கள்? நீர்மோர் எத்தனை டம்ளரானாலும் சரி. தயிரை அப்படியே சாப்பிடாமல் மோராகப் பெருக்கிக் குடிப்பதைச் சித்த மருத்துவம் காலங்காலமாகச் சொல்லி வருகிறது. ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு நீர், கொஞ்சம் இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம். உப்பு அளவோடு. காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டுப் பழகியவர்கள் அதை விட வேண்டாம். குண்டாக இருக்கிறோமே என்று பயந்து இட்லிக்கு மாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் அரிசிதான் அம்மா!

இந்த இடத்தில் கொள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழியே இருப்பதால், லீவு நாட்களில் மெலிந்துவிடலாம் என்று மே மாதத்தில் தினம் கொள்ளுக்கஞ்சி குடிப்பார்கள். கொள்ளு உஷ்ண வீரியம் உள்ளது. பித்தம் ஏறுகிற காலத்தில் அதைக் குடித்தால் வயிறு எரியும், நீர்க்கடுப்பு வரும், சிலருக்கு மூலம் கிளம்பும். கொள்ளை மழைக்கும் பனிக்கும் ஒதுக்கிவையுங்கள். கத்திரி வெயில் பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை. அந்த 25 நாள் பட்டினி விரதம், எடைகுறைப்புப் பவுடர், நண்பகல் நடை எதுவும் வேண்டாம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு நடங்கள். பூசணி, புடலை, சுரை, வெள்ளரி சமையுங்கள்.

சரி, இனி வெளியில் சொல்ல முடியாத விஷயங்களுக்கு வருவோம்.

தொடை உரசல். இதற்காக எவ்வளவு பெண்கள் நடப்பதையே விட்டிருக்கிறார்கள்! வைத்தியம் மிகச் சுலபம். தோலும் தோலும் உரசக் கூடாது, அவ்வளவுதான். புடவைக்கோ சுடிதாருக்கோ உள்ளே முழங்காலுக்கு மேல் வரை வருகிற பருத்தி ஷார்ட்ஸ் போடுங்கள். கூடவே கிளம்புமுன் தேங்காய் எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவலாம். டால்கம் பவுடரைக் கொட்டாதீர்கள். வியர்வையில் அது மாவாகத் திரண்டு இன்னும் அரிக்கும்.

மடிப்புகளுக்குக் குளித்தபின் ஐந்து நிமிடம் கொடுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு ஃபேன் காற்றில் காயவிடுங்கள். இரவில் மார்புக்குக் கீழே பழைய பருத்தி வேட்டித் துணியைப் பட்டையாக மடித்து வைத்துக்கொண்டு படுக்கலாம். சிவந்து ஈரமாக எரிந்தால் வெறும் உரசல். இரண்டு நாள் உலர்வாக வைத்தாலே அடங்கும். ஓரம் தடித்து வட்டமாகப் பரவி அரித்தால் படர்தாமரை. அதற்குச் சீமை அகத்திக் களிம்பு தருகிறோம், நவீன மருத்துவத்திலும் நல்ல மருந்துகள் இருக்கின்றன. எதுவானாலும் அரிப்பு நின்ற பிறகும் சொன்ன நாள் வரை போட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்கும் கலப்பு க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், இரண்டு வாரத்தில் இடுப்பு முழுக்கப் படரும். இதனால் கெட்டுப்போன தோல்களை நிறையப் பார்த்துவிட்டேன். வெள்ளையாக மாவு படிந்தாற்போலப் புண் வந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ, சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.

பாவாடை நாடா இன்னொரு வில்லன். வயிறு சரியாமல் இருக்க இறுக்கி முடிவார்கள். ஒரே இடத்தில் வருஷக்கணக்காக அழுத்தி, வியர்வையும் சேர்ந்து, கறுத்துப்போன தழும்பு நம்மில் பலருக்கு உண்டு. இடுப்பில் இறுக்கிக் கட்டியதால் வந்த ஆறாத புண் இரண்டு பெண்களுக்குப் புற்றுநோயாக மாறியதை 2024ல் பீகார், மகாராஷ்டிர மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அபூர்வம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் மூன்று வாரத்தில் ஆறாத புண்ணை மறைக்காதீர்கள். நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், முடியும் இடத்தை மாற்றுங்கள், வீட்டில் தளர்த்துங்கள். ஒல்லியாகக் காட்டும் என்று இப்போது விற்கும் இறுக்கமான உள்பாவாடையை மே மாதத்தில் பீரோவிலேயே வையுங்கள். சாட்டின் பாவாடையும் வேண்டாம். மெல்லிய சுங்குடி, நைந்த கைத்தறி, கையில்லாத பருத்தி ரவிக்கை இதமாக இருக்கும். கை குண்டாகத் தெரியுமே என்கிறீர்களா? தெரியட்டுமே. நைட்டிக்கு மேல் துப்பட்டா, அதற்குமேல் துண்டு என்று மூன்றடுக்கில் அடுப்படியில் வெந்துகொண்டிருப்பதைவிட அது மேல்.

"என்னடி இப்படி ஊதிட்டே?" என்று லீவுக்கு வந்த அத்தை கேட்பார். என்னிடம் வரும் ஒரு பெண் சொல்லும் பதிலை உங்களுக்கும் தருகிறேன்: "ஆமா அத்தை. அந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்களேன்."

எண்ணெய்க் குளியல் வாரம் ஒருமுறை போதும். நல்லெண்ணெய், காலை வேளை, தேய்த்து அரை மணி நேரத்தில் குளியல், அன்று பகல் தூக்கம் கூடாது. புண்ணோ படர்தாமரையோ உள்ள இடத்தில் எண்ணெய் படக் கூடாது. தேய்த்துக் குளிக்க நலங்கு மாவு நல்லது. ஆனால் அதில் சேரும் கார்போகரிசிக்குத் தோலை வெயிலில் சீக்கிரம் கறுக்க வைக்கும் குணம் உண்டு. கோடையில் அதை விட்டுவிட்டுப் பாசிப்பயறு, கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம் மட்டும் சேர்த்து அரைக்கச் சொல்லுகிறேன்.

ஒன்றை மட்டும் வீட்டு வைத்தியத்தில் அடக்கிவிடாதீர்கள். வெயிலில் இருந்தவருக்கு உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, அது வெப்பத் தாக்கு. வியர்வை நின்றிருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம். நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்குப் போன் செய்யுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால், மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

அந்த ஆசிரியை இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போன வருஷம் மே மாதம் குடும்பத்தோடு ராமேசுவரம் போகிறேன் என்று வந்து நின்றார். அக்கினி தீர்த்தத்தில் குளித்து, 22 கிணறுகளுக்கும் ஈரப்புடவையோடு பிராகாரத்தில் நடக்க வேண்டும். முந்தின தடவை அந்த உரசலுக்குப் பயந்து வாசலிலேயே பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாராம். உள்ளே ஷார்ட்ஸ், தொடையில் தேங்காய் எண்ணெய், முடிந்ததும் உடனே மாற்ற உலர்ந்த பருத்திப் புடவை, மடிப்புகளைத் துடைக்கத் தனித் துண்டு என்று எழுதிக் கொடுத்தேன். 22ம் முடித்துவிட்டு அங்கிருந்தே போன் செய்தார். இந்த முறை பைகளுக்குக் காவல் அவர் கணவராம்.