வீட்டருகே காணும் பாம்புகள்: விஷமுள்ளவையும் விஷமற்றவையும்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் கேழ்வரகு களத்திற்கு வரும் நாட்களில் எலிகளும் உடன் வருகின்றன. எலிகளைத் தேடிப் பாம்புகள் வீட்டண்டை வருகின்றன. பாம்பென்று கண்டதும் தடியெடுப்பதே பெரும்பாலோர் வழக்கம். இதனால் எலிகளுக்கு எமனான சாரை வீணே மடிகிறது. அடிக்கப் போனவரே கடிபடுவதும் உண்டு.

இவ்வெல்லைப் பிரதேசத்தில் தமிழுடன் கன்னடமும் தெலுங்கும் வழங்குவதால் ஒரே பாம்புக்கு மூன்று பெயர்கள் உள்ளன. சாரையைக் கன்னடத்தார் கேரெ ஹாவு என்பர். தெலுங்கர் ஜெர்ரிபோத்து என்பர். கண்ணாடி விரியனோ அவர்களுக்கு முறையே கொளகு மண்டலமும் ரக்தபிஞ்ஜரியும் ஆகும். பண்ணையாள் ஒரு பெயர் சொல்ல, பட்டாதார் வேறொன்றைக் கருதிக்கொள்வது எளிது. ஆகவே பெயரைக் காட்டிலும் அடையாளத்தை அறிவதே உசிதம்.

விஷப்பாம்பின் தலை முக்கோணமாயிருக்கும் என்று கூறுவதுண்டு. இது விரியன்களுக்கு ஒருவாறு பொருந்தும். நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் பொருந்தாது. இவ்விதியை நம்புவது அபாயகரமானது.

நல்ல பாம்பு சீண்டப்பட்டால் படமெடுக்கும். சாரைக்குப் படமில்லை, கண்கள் பெரியவை, உதட்டோரம் கறுப்புக் கோடுகள் உண்டு. சாரையும் நல்ல பாம்பும் இணையும் என்பது வெறுங் கதை. கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலிபோல் மூன்று வரிசைக் கருவட்டங்கள் காணும், உரத்துச் சீறும். மண்ணுளிப் பாம்பில் ஒரு வகை இதனைப்போல் தோன்றினும், அதன் திட்டுக்கள் ஒழுங்கற்றவை, வால் குட்டையானது. சுருட்டை விரியன் சிறியது. உடலை மடித்துச் செதில்களை உரசி அரம்போல் ஒலியெழுப்பும்.

மிகுந்த கவனத்திற்குரியது கட்டுவிரியனே. இரவில் நடமாடி, தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கும். கடிவாயில் வலியோ வீக்கமோ இராமற் போகலாம். பின்னர் வயிற்றுவலி கண்டு, இமைகள் தொங்கி, மூச்சுத் திணறும். இதனுடன் குழப்பப்படுவது வெள்ளிக்கோல் வரையன் என்னும் விஷமற்ற பாம்பு; பல்லிகளைத் தேடிச் சுவரேறுவது. கட்டுவிரியன் பளபளப்பான கருமை நிறத்தது. மெல்லிய வெண்பட்டைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாய் அமைந்து, கழுத்துப்பக்கம் மங்கி, வால்பக்கம் தெளிந்திருக்கும். மற்றதற்கோ பட்டைகள் கழுத்தருகே அகன்று தெளிந்து, வாலை நோக்கி மறையும். கட்டுவிரியன் குட்டிகளில் முன்புறமும் பட்டைகள் தெரிவதால் இவ்வடையாளம் ஒன்றையே நம்பலாகாது. முதுகின் நடுவே அறுகோணமான பெரிய செதில்வரிசை கட்டுவிரியனுக்கே உரியது. இதைக் காணக் குனிந்து பார்க்கும்படி யாருக்கும் கூறப்படவில்லை; செத்த பாம்பில் பார்த்தாலும் கையால் தொடலாகாது.

கடிபட்டவருக்காகப் பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. மேற்கண்ட நான்கு பாம்புகளின் விஷத்திற்கும் ஒரே முறிமருந்து அளிக்கப்படுகிறது. அதற்கு வேண்டிய விஷத்தை 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சேகரித்து வருகிறது. கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கயிறு கட்டுவதும் தீங்கு தரும். கடிபட்ட அங்கத்தை அசையாதபடி குச்சி வைத்துக் கட்டி, நடக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 108-க்கு அழைத்தால் வண்டி வரும். மந்திரிப்பவரிடம் கழியும் ஒரு நாழிகையும் உயிருக்கு உலை வைக்கலாம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், பாம்புக்கடி 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கப்பட்டது. அரசு ஆஸ்பத்திரியாயினும் தனியார் ஆஸ்பத்திரியாயினும் கடியைப் பற்றித் தெரிவிக்க வேண்டும்.

விறகும் செங்கல்லும் சுவரை ஒட்டிக் குவிக்கலாகாது. தானியத்தை எலி புகாத குதிரில் வைப்பது நலம். சிப்காட் தொழிற்சாலை ஆட்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டிருப்போர் கதவடி இடைவெளியை அடைத்து, கட்டிலும் ஓரம் செருகிய கொசுவலையும் கிடைக்கச் செய்தால், கட்டுவிரியன் கடிக்கு அங்கே இடம் வெகுவாய்க் குறையும். இரவில் களத்திற்குச் செல்வோர் டார்ச் விளக்கும் கைத்தடியும் கொண்டு போகவும்.