வகுப்பறையில் ஒரு பொதுமொழி

யாவாத் தீவின் கிராமப் பாடசாலையொன்றிலே ஒரு சிறுமி, தன் தாய் மீன் வாங்குவதைப் பற்றி எழுதுகின்றாள் என்று வைத்துக்கொள்ளலாம். "இபு பெலி இக்கான்" என்பது அவள் எழுதிய வாக்கியம். இபு என்றால் தாய். பெலி என்றால் வாங்குதல். இக்கான் என்றால் மீன். பொருள் தெளிவாகவே இருக்கின்றது. ஆயினும் ஆசிரியர் 'பெலி' என்பதன் கீழே கோடிட்டு, 'மெம்பெலி' என்று திருத்துகின்றார். வினையடிக்கு முன்னே 'மெம்' என்னும் ஒட்டுச் சேர்வது எழுத்து வழக்கு. பேச்சிலே அது உதிர்ந்துவிடுகின்றது. இச்சிறு ஒட்டு இல்லாமையால் ஒரு குழந்தையின் வாக்கியம் பிழையாகிவிடுமா? இதற்கு விடை காண, அந்நாட்டின் பொதுமொழி தோன்றிய வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

இந்தோனேசியாவில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. சனத்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் யாவானியர். எனினும், 1928ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆந் திகதி, அந்நாளிற் பத்தாவியா எனப்பட்ட ஜகார்த்தாவிலே கூடிய பல தீவுகளின் இளைஞர்கள், பொதுமொழியாக ஏற்றது யாவானிய மொழியை அன்று, மலாய் மொழியையே. அம்மொழி பன்னெடுங்காலமாகத் துறைமுகங்களில் வணிகரை இணைத்து வந்தது. கப்பல், கடை என்னும் தமிழ்ச் சொற்களும் சிறிது உருமாறி அதனுட் புகுந்துள்ளன. யாவானிய மொழியிலோ, கேட்பவரின் தகுதிக்கேற்பச் சொற்களே மாறும். பிறர் அதனைக் கற்பது அரிது. கற்றாலும் யாவானியருக்குப் பின்னரே நிற்பர். பெருந்தொகையினரின் மொழி வற்புறுத்தப்படாமையால், பொதுமொழியைப் பெரும்பாலோர் மனத்தாங்கலின்றி ஏற்க முடிந்தது.

அன்று எடுக்கப்பட்ட உறுதிமொழியில் நுட்பமான வேறுபாடொன்று உண்டு. தாயகம் ஒன்று, இனம் ஒன்று என்று கூறிய இளைஞர்கள், மொழி ஒன்றே என்று கூறினாரல்லர். ஒற்றுமைக்குரிய மொழியாக இந்தோனேசிய மொழியைப் போற்றுவதாகவே கூறினர். வீட்டு மொழிகளுக்கு அங்கே இடமிருந்தது.

1945ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இந்தோனேசிய மொழியை அரசின் மொழியாக்கிற்று. ஆச்சேயில் எழுதப்படும் விண்ணப்பம் பப்புவாவிலும் ஐயமின்றி விளங்க வேண்டுமாயின், எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் ஒரு நியமம் வேண்டும். 1972ஆம் ஆண்டு எழுத்துமுறை சீர்திருத்தப்பட்டது. அதுவரை இரண்டு உரோம எழுத்துக்களால் எழுதப்பட்ட ஜகார்த்தாவின் முதல் ஒலி, அதன்பின் ஓரெழுத்தால் எழுதப்படலாயிற்று. 1988ஆம் ஆண்டு பேரகராதியும் நியம இலக்கண நூலும் வெளிவந்தன.

இந்நியமத்தைக் கற்பிக்கும் ஆசிரியரின் பொறுப்பு பெரிது. வீட்டில் தாயிடமிருந்து கற்ற பேச்சைப் பிழையென்று கூறினால், குழந்தை நியம மொழியைக் கற்பதற்கு முன்னரே வாய்மூடிவிடும். நல்லாசிரியர் கரும்பலகையை இரண்டாகப் பிரிப்பார். ஒரு பக்கத்தில் 'பெலி', மறுபக்கத்தில் 'மெம்பெலி'. முன்னையது தோழியிடம் பேசுதற்கு. பின்னையது அதிபருக்கு எழுதுதற்கு. இரண்டும் மொழியே, இடமே வேறு. இங்ஙனம் காட்டினால் குழந்தை ஒன்றை இழந்து மற்றொன்றைப் பெறுவதில்லை, இரண்டையும் உடையதாகின்றது.

சட்டமும் இதற்கு இடமளிக்கின்றது. 2002ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம், பிரதேச மொழிகளைத் தேசியப் பண்பாட்டுச் செல்வமெனப் பேணும் பொறுப்பை அரசுக்கு அளித்தது. 2003ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தேவையாயின் கல்வியின் தொடக்க நிலையில் அம்மொழிகளாற் கற்பிக்கலாம் என்றது.

ஆகவே, அச்சிறுமியின் வாக்கியத்தை ஆசிரியர் திருத்துவது முறையே. ஆனால் அவள் தாயின் பேச்சைத் திருத்த அவர் முற்படலாகாது. பொதுமொழி என்பது பல வீடுகளுக்கு நடுவேயுள்ள முற்றம். அம்முற்றத்திற்கு வருபவர் தத்தம் வீட்டை இடித்துவிட்டு வரவேண்டியதில்லை.