அறிகை நடத்தைச் சிகிச்சை: மருத்துவப் பணியாளருக்கு ஓர் அறிமுகம்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நோயாளரைப் பார்வையிடும் மருத்துவர் எவரும் ஒரு வகையினரை நன்கறிவர். தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடலெரிவு என மீண்டும் மீண்டும் வருவர். சோதனைகளில் குறையெதுவும் தென்படாது. “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று கூறி அனுப்புதலே வழக்கம். அச்சொல் நோவைத் தீர்ப்பதில்லை. நோயாளி வேறொரு மருத்துவரை நாடவே வழிசெய்கின்றது. இத்தகையோருக்கும் மனச்சோர்வு, பதகளிப்பு என்பவற்றால் வருந்துவோருக்கும் உதவக்கூடிய முறைகளுள் ஒன்றே அறிகை நடத்தைச் சிகிச்சையாகும்.

1960களில் அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் இதன் அறிகைப் பகுதிக்கு அடித்தளமிட்டார். நிகழ்ச்சி மட்டுமன்றி, அதற்கு நாம் கொள்ளும் பொருளும் எமது உணர்வை உருவாக்குகின்றது என்பதே இதன் அடிப்படை. காலி வீதியில் பஸ்ஸில் செல்லும் ஒருவருக்கு நெஞ்சு படபடக்கின்றது எனக் கொள்வோம். ‘இது மாரடைப்பு’ என எண்ணுகின்றார், அச்சம் மிகுகின்றது, அச்சத்தால் படபடப்பு மேலும் கூடுகின்றது. அடுத்த நாள் முதல் பஸ் ஏறுவதையே தவிர்க்கின்றார். தவிர்ப்பதால் தமது எண்ணம் சரியா, பிழையா என்று அறியும் வாய்ப்பையும் இழக்கின்றார். இவ்வட்டத்தை உடைப்பதே சிகிச்சையின் நோக்கம். இருதயநோய் இல்லையென உறுதி செய்த பின்னர், எண்ணங்களைக் குறித்துவைத்தல், சான்றுகளை ஆராய்தல், தவிர்த்தவற்றைப் படிப்படியாக மேற்கொள்ளல் என்பன நடைபெறும்.

இது அறிவுரையன்று. வெள்ளவத்தையில் பாமன்கடைப் பகுதியில் வாழ்ந்து 1978இல் காலமான பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், பேய்பிடித்தல் எனப்பட்டவற்றை உளக்கோளாறுகளாக விளக்கி அறிதுயில் மூலம் தீர்க்க முயன்றமை பலரும் அறிந்ததே. அங்கு நம்பிக்கையை அகற்றுபவர் சிகிச்சையாளர். இங்கோ நோயாளியே தமது எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கின்றார்; சிகிச்சையாளர் உடனாய்வாளர் மாத்திரமே.

இலங்கையில் இம்முறை ஆராயப்பட்டுள்ளது. உளமருத்துவர் அத்துல சுமதிபாலவும் குழுவினரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், விளக்கமுடியாத உடற்குறிகளுடன் வந்த 68 பேர் பங்குபற்றினர். வழமையான கவனிப்புப் பெற்றோரிலும் இச்சிகிச்சை பெற்றோரிடம் நோய்க்குறிகளும் மருத்துவரிடம் வரும் தடவைகளும் குறைந்தன. 2008இல் வெளிவந்த 150 பேர் பற்றிய ஆய்வில் குறுகிய பயிற்சி பெற்ற பொது மருத்துவர்களே சிகிச்சை அளித்தனர். ஆயின், ஒழுங்கமைந்த கவனிப்புப் பெற்ற மற்றைய பிரிவினரும் அதேயளவு முன்னேறினர். இம்முன்னேற்றத்தில் ஒரு பகுதி தானாகவே நிகழ்ந்திருக்கவுங்கூடும். எனினும், நுட்பங்களைக் கற்குமுன் நோயாளிக்கென நேரம் ஒதுக்கிச் செவிமடுத்தல் வேண்டும் என்பதே நாம் இங்கு கொள்ளத்தக்க பாடம்.

செவிமடுத்தற்கு மொழி இன்றியமையாதது. எம்மவர் ‘ஒரே யோசனை’ என்கையில் சிந்தனையை அன்று, கவலையையே குறிக்கின்றனர். மொழிபெயர்த்த வினாக்கொத்து இதனைத் தவறவிடலாம். தமிழ் பேசும் நோயாளியின் எண்ணத்தை அவர் மொழியிலன்றி ஆராய்தல் அரிது.

இன்னொன்றும் வற்புறுத்தத்தக்கது. 1983 யூலையில் வீடு எரிந்ததைக் கண்டவரின் அச்சமோ, 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயக் குண்டுவெடிப்பில் உறவினரை இழந்தவரின் துயரமோ வெறும் ‘சிந்தனைப் பிழை’ அன்று. வேலையின்மையும் வாடகைக் கடனும் எண்ணத்தை மாற்றுவதால் மறைவனவல்ல. நிகழ்ந்த கொடுமையை ஏற்றுக்கொண்டு, அதன் பின்னர் தோன்றும் ‘எல்லாம் என்னாலேயே நேர்ந்தது’, ‘இனி எனக்கு எதிர்காலமில்லை’ போன்ற முடிவுகளையே ஆராய்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை மறப்பின், சமூகத்தின் குற்றத்தை நோயாளியின் தலையில் சுமத்தியவராவோம்.

தற்கொலை எண்ணம், சித்தப்பிரமை ஆகியன காணப்படுமிடத்துத் தாமதமின்றி உளமருத்துவரிடம் அனுப்புதல் கடமையாகும். ஏனையோர் விடயத்தில், ‘ஒன்றுமில்லை’ என்பதற்குப் பதிலாக, ‘இது வரும்போது உங்கள் மனத்தில் என்ன தோன்றுகின்றது?’ என வினவுதலே இச்சிகிச்சையின் முதற்படி. தாதியரும் மருத்துவரும் இன்றே தொடங்கக்கூடிய படியும் அதுவே.