எதிரே வருபவர் கண்ணைக் கூசாத ஹெட்லைட்... ஓசூர் வண்டிகளுக்குள் ஒளிந்திருக்கும் அறிவியல்!

இரவு ஷிஃப்ட் முடிந்து ஓசூர் சர்வீஸ் ரோட்டில் பைக்கில் வீடு திரும்பும்போது, எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் பளீரென்று கண்ணில் அடித்தால் சில நொடிகளுக்கு எதுவுமே தெரியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக், 3 நொடியில் 50 மீட்டர் கடந்துவிடும். அந்த 50 மீட்டரில் ஒரு பள்ளமோ, சாலையைக் கடப்பவரோ இருந்தால்?

அதனால்தான் ஹெட்லைட் வடிவமைப்பில் வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட, அது எங்கே விழுகிறது என்பது முக்கியம்.

டிவிஎஸ் 50 முதல் அப்பாச்சி வரை

1980-ல் ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50 வந்த காலத்து மொபெட்கள் நினைவிருக்கிறதா? ஆக்ஸிலேட்டரைத் திருகினால் விளக்கு பிரகாசமாகும், விட்டால் மங்கும். உள்ளே ஒரு பல்பு, பின்னால் கிண்ணம் போன்ற ரிஃப்ளெக்டர், முன்னால் வரிவரியான கண்ணாடி. அவ்வளவுதான்.

அதே நிறுவனம் 2017 டிசம்பரில் அறிமுகம் செய்த அப்பாச்சி ஆர்ஆர் 310-ல் எல்இடி புரொஜெக்டர் விளக்குகள் இருந்தன. வழக்கமான புரொஜெக்டரில், ரிஃப்ளெக்டர் ஒளியை ஓர் இடத்தில் குவிக்கும். அங்கே ஒரு சிறிய தகடு பாதி ஒளியை மறைக்கும். முன்னால் உள்ள லென்ஸ், அந்தத் தகட்டின் விளிம்பைத் தலைகீழாகச் சாலையில் காட்டும். அதனால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவே கத்தியால் வெட்டியது போன்ற கோடு. எதிரே வருபவரின் கண்கள் அந்த இருட்டுப் பகுதியில் இருக்கும். நம் ஊர் கார்களில் இந்தக் கோடு இடப்பக்கம் சற்று உயரும். ஓரமாக நடப்பவர்களும் பெயர்ப்பலகைகளும் தெரிவதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

ஒளிக்கு ஒரு குழாய்

புதிய ஸ்கூட்டர்களின் முகத்தில் இடைவெளியே இல்லாமல் ஒளிரும் கோட்டைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே பல்புகள் வரிசையாக இருக்கும் என்று நினைத்தால் தவறு. பெரும்பாலும் அது 'லைட் கைடு' எனப்படும் பிளாஸ்டிக் தண்டு. முனையில் ஒன்றிரண்டு எல்இடி மட்டுமே இருக்கும்.

தண்டுக்குள் சாய்வாகப் போகும் ஒளி, சுவரில் பட்டு வெளியேறாமல் உள்ளேயே திரும்பும். இதற்கு 'முழு அக எதிரொளிப்பு' என்று பெயர். 1840-களிலேயே டேனியல் கொலாடன், வளைந்து விழும் தண்ணீருக்குள் ஒளியை ஓடவிட்டு ஜெனீவாவில் இதைக் காட்டினார்.

தண்டின் பின்பக்கத்தில் ரம்பம் போலச் சிறு பற்கள் இருக்கும். ஒவ்வொரு பல்லும் கொஞ்சம் ஒளியை முன்னால் திருப்பிவிடும். எல்இடி-யை விட்டுத் தள்ளிப் போகப்போக ஒளி குறையும் என்பதால், பற்களின் அளவும் மாறிக்கொண்டே போகும். கணக்கு தவறினால் ஓரிடம் பளிச்சென்றும் ஓரிடம் மங்கலாகவும் தெரியும்.

நாம் செய்யும் தவறு

ஹாலஜன் பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில், கடையில் விற்கும் எல்இடி பல்பை மாட்டுகிறோம். ஒளி பிறக்கும் இடம் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே கணக்கு குலைந்து, வெளிச்சம் எதிரே வருபவர் முகத்துக்குப் போய்விடும். கண்புரை உள்ள பெரியவர்களுக்கு இது இன்னும் ஆபத்து.

பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் பைக்கின் முன்பக்கம் சற்று உயரும், வெளிச்சமும் உயரும். எனவே ஆளை உட்கார வைத்து, சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்திப் பாருங்கள். டிம் போட்டும் வெளிச்சம் மேலே ஏறினால் மெக்கானிக்கிடம் சொல்லிச் சரிசெய்யுங்கள். எதிரே வருபவருக்குச் சாலை தெரிந்தால்தான் நமக்கும் பாதுகாப்பு!